எப்போதாவது மட்டும் மாறும் கர்னல் மாறிகளுக்குத் தனி இடம்: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லினக்ஸ் கர்னலின் மூலநிரலைக் கொஞ்சம் படித்தவர்கள், பல குளோபல் மாறிகளின் பெயரை ஒட்டி __ரீட்_மோஸ்ட்லி என்றொரு குறி இருப்பதைக் கவனித்திருப்பார்கள். முதல் பேட்ச் எழுத வருபவர்கள் அதைப் பார்த்து, "நம் மாறியும் அதிகம் மாறாதே, நாமும் போட்டுவிடலாம்" என்று போட்டுவிடுகிறார்கள். கம்பைலர் ஒன்றும் சொல்லாது. கர்னலும் வழக்கம்போல் ஓடும். ஆனால் மாறி அரிதாக மாறுகிறது என்பது மட்டும் இந்தக் குறிக்குப் போதுமான காரணம் இல்லை. அது அடிக்கடி படிக்கப்படவும் வேண்டும், வேகம் முக்கியமான பாதையில் படிக்கப்படவும் வேண்டும். இந்த மூன்றும் ஒரே மாறியில் சேர்கிறதா என்று கண்டுபிடிப்பதும், சேர்ந்தால் என்ன செய்வது என்பதும்தான் இந்தக் கட்டுரை.

சி மொழிச் சொற்களையும் கட்டளைகளையும் இங்கே தமிழ் எழுத்திலேயே தருகிறேன். கோப்பில் வழக்கம்போல் ஆங்கில எழுத்தில் தட்டச்சு செய்யுங்கள்.

சிக்கல் எங்கே இருக்கிறது

பிராசஸர் நினைவகத்திலிருந்து பைட் பைட்டாக எடுப்பதில்லை. கேஷ் லைன் எனப்படும் துண்டுகளாக எடுக்கிறது. எக்ஸ்86 சிப்களில் ஒரு லைன் 64 பைட். 64 பிட் பவர் சிப்களில் 128 பைட். நீங்கள் நான்கு பைட் எண் ஒன்றைத்தான் படிக்கிறீர்கள் என்றாலும், அது இருக்கும் லைன் முழுவதும் அந்த கோரின் கேஷுக்கு வந்துவிடும்.

பல கோர்கள் ஒரே லைனைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தால் தொல்லை இல்லை. ஆளுக்கொரு பிரதி வைத்துக்கொள்ளும். ஒரு கோர் அந்த லைனில் எழுத வரும்போதுதான் சிக்கல். எழுதும் கோர் அந்த லைனை முழுக்கத் தனதாக்கிக்கொள்ள வேண்டும். மற்ற கோர்களிடம் இருக்கும் பிரதிகள் எல்லாம் அந்த நொடியே செல்லாமல் போய்விடும். மெஸி நெறிமுறையும் அதிலிருந்து வளர்ந்தவையும் இப்படித்தான் எல்லா கோர்களும் ஒரே மதிப்பைப் பார்க்கும்படி வைத்திருக்கின்றன.

ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். உங்கள் டிரைவரில் இரண்டு குளோபல் மாறிகள் இருக்கின்றன. ஒன்று, பாக்கெட்டின் அளவு வரம்பு. ஒவ்வொரு பாக்கெட் வரும்போதும் எல்லா கோர்களும் இதைப் படிக்கும், ஆனால் நிர்வாகி எப்போதாவதுதான் மாற்றுவார். இன்னொன்று, மொத்தம் எத்தனை பாக்கெட் வந்தன என்ற எண்ணிக்கை. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இதில் ஒன்று கூடும். இரண்டும் அடுத்தடுத்து அறிவிக்கப்பட்டதால், கம்பைல் ஆன கோப்புகளை ஒன்றாக இணைக்கும் லிங்கர் அவற்றை ஒரே 64 பைட்டுக்குள் வைத்துவிட்டது. இப்போது எண்ணிக்கை கூடும் ஒவ்வொரு முறையும், யாருமே தொடாத வரம்பின் பிரதியும் மற்ற கோர்களில் செல்லாமல் போகிறது. அடுத்த பாக்கெட்டுக்கு அவை மறுபடி அந்த லைனை வரவழைக்க வேண்டும். முதல் நிலை கேஷில் இருந்தால் நான்கைந்து கடிகாரச் சுழற்சியில் முடிய வேண்டிய படிப்பு, வேறொரு சாக்கெட்டில் (தனி பிராசஸர் சிப்பில்) உள்ள கோரிடமிருந்து வரும்போது நூற்றுக்கும் மேற்பட்ட சுழற்சிகளைத் தின்றுவிடும். இதற்கு ஃபால்ஸ் ஷேரிங் என்று பெயர்.

இதில் மோசமான விஷயம், மூலநிரலை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் இது தெரியாது. யார் யாருக்குப் பக்கத்தில் உட்காருகிறார்கள் என்பதை லிங்கர்தான் முடிவு செய்கிறது. வேறு யாரோ ஒருவர் சம்பந்தமே இல்லாத கோப்பில் ஒரு மாறியைச் சேர்த்தால்கூட உங்கள் மாறி அடுத்த லைனுக்கு நகர்ந்துவிடலாம்.

குறி என்ன செய்கிறது

செய்வது மிகச் சிறிய வேலை. செக்‌ஷன் என்பது ஆப்ஜெக்ட் கோப்பில் ஒரே வகையானவற்றைத் திரட்டி வைக்கும் பகுதி. 2005-இல் லினக்ஸில் நுழைந்த இந்த மேக்ரோ, "இந்த மாறியை வழக்கமான டேட்டா செக்‌ஷனில் போடாதே, .டேட்டா..ரீட்_மோஸ்ட்லி என்ற செக்‌ஷனில் போடு" என்று கம்பைலரிடம் சொல்கிறது. பிறகு கர்னலின் லிங்கர் ஸ்கிரிப்ட், எல்லா ஆப்ஜெக்ட் கோப்புகளிலிருந்தும் அந்தச் செக்‌ஷனைத் திரட்டி ஓரிடத்தில் அடுக்குகிறது. அந்தத் தொகுப்பின் தொடக்கமும் முடிவும் கேஷ் லைன் எல்லையில் சரியாக நிற்கும்படி செய்கிறது. அதனால் அடிக்கடி எழுதப்படும் மாறி எதுவும் ஓரத்தில்கூட அதே லைனைப் பகிராது.

பெயரில் டேட்டாவுக்குப் பின் இரண்டு புள்ளிகள் இருப்பது எழுத்துப் பிழை இல்லை. ஒவ்வொரு மாறிக்கும் தனிச் செக்‌ஷன் உண்டாக்கும்படி கம்பைலரிடம் கேட்டால், அது .டேட்டா. என்பதோடு மாறியின் பெயரைச் சேர்த்துப் பெயர் வைக்கும். ஒற்றைப் புள்ளியாக இருந்தால் ரீட்_மோஸ்ட்லி என்ற பெயருள்ள சாதாரண மாறியோடு மோதல் வரும். சி மொழியில் மாறியின் பெயர் புள்ளியில் தொடங்க முடியாது. எனவே இரட்டைப் புள்ளி பாதுகாப்பானது.

இந்தக் குறி செய்யாதவற்றையும் தெரிந்துகொள்ளுங்கள். மாறியை எழுத முடியாததாக இது ஆக்காது. லாக் தராது. ஒரே நேரத்தில் ஒருவர் எழுத இன்னொருவர் படித்தால் வரும் சிக்கலைத் தீர்க்காது. அதற்கு ரீட்_ஒன்ஸ், ரைட்_ஒன்ஸ் போன்றவை (மாறியை ஒரே முறையில் படிக்கவோ எழுதவோ கம்பைலரைக் கட்டாயப்படுத்தும் மேக்ரோக்கள்) முன்பு தேவைப்பட்டிருந்தால் இப்போதும் தேவை. சில கட்டமைப்புகளில் இந்த மேக்ரோ வெறுமையாகவே வரையறுக்கப்படும், அங்கே எந்த விளைவும் இருக்காது. ஒரே கோர் உள்ள இயந்திரத்திலும் பயன் இல்லை.

முதலில் மாறியை வகைப்படுத்துங்கள்

நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். உங்கள் மாறிக்கு யார் எழுதுகிறார்கள் என்று மூலநிரல் முழுவதும் தேடிப் பாருங்கள். அதன் முகவரியை எடுத்து வேறெங்காவது கொடுத்திருந்தால் அந்தப் பாதையையும் பின்தொடருங்கள். சிசிடிஎல் (ஓடும் கர்னலின் அமைப்புகளை மாற்றும் வழி) அட்டவணை வழியாகவோ மாட்யூல் பாராமீட்டர் வழியாகவோ மாற்றக்கூடியவை இப்படித்தான் கண்ணில் படாமல் போகும்.

எழுதுபவர் யாருமே இல்லை என்றால், அதைக் கான்ஸ்ட் ஆக்குங்கள். வேறெதுவும் வேண்டாம்.

கர்னல் தொடங்கும்போது மட்டும் எழுதப்பட்டு, அப்புறம் ஒருபோதும் மாறாது என்றால், உங்களுக்கு வேண்டியது __ஆர்ஓ_ஆஃப்டர்_இனிட். இது 2016-இல் வந்த 4.6 பதிப்பில் சேர்ந்தது. தொடக்க வேலைகள் முடிந்ததும் கர்னல் இந்தப் பகுதியின் பக்கங்களை எழுத முடியாதவையாக மாற்றிவிடும். பக்கத்தில் இருப்பவையும் எழுதப்படாதவை என்பதால் ஃபால்ஸ் ஷேரிங் தானாகவே ஒழிகிறது. அதற்கு மேல், தாக்குபவர் ஒரு ஃபங்ஷன் பாயின்டரை மாற்றி எழுதுவதையும் தடுக்கிறது. வேகமும் பாதுகாப்பும் சேர்ந்து கிடைக்கும்போது ரீட்_மோஸ்ட்லியை எடுக்கக் காரணமே இல்லை. பழைய கோப்புகளில் ரீட்_மோஸ்ட்லி என்று இருந்த பல மாறிகள் இப்படி மாற்றப்பட்டிருக்கின்றன. புதியவர்களுக்கு நல்ல முதல் பேட்ச் இதில் கிடைக்கும் என்பது என் கருத்து. ஒரே எச்சரிக்கை: சிபியு ஹாட்பிளக் (ஓடும்போதே கோரைச் சேர்ப்பது, நீக்குவது) போன்ற, தொடக்கத்துக்குப் பிறகும் ஓடக்கூடிய பாதை ஏதாவது அந்த மாறியில் எழுதினால் கர்னல் ஊப்ஸ் என்ற பிழை அடித்து நிற்கும். தேடலை அரைகுறையாக விட்டுவிடாதீர்கள்.

மாறி வெறும் ஆம், இல்லை என்ற சுவிட்ச் மட்டும்தான், அதுவும் மிக வேகமான பாதையில் இருக்கிறது என்றால், ஸ்டாட்டிக் கீ பற்றிப் படியுங்கள். அது சுவிட்சை நினைவகத்திலிருந்து படிப்பதே இல்லை. சுவிட்ச் மாறும்போது கர்னலின் கட்டளைகளையே திருத்தி எழுதிவிடுகிறது. மாற்றுவது செலவு பிடிக்கும், படிப்பது கிட்டத்தட்ட இலவசம்.

மாறி அடிக்கடி எழுதப்படுகிறது, பலரும் அதற்காக முட்டிக்கொள்கிறார்கள் என்றால், நீங்கள் நகர்த்த வேண்டியது படிக்கப்படும் மாறியை அல்ல, இதைத்தான். அதற்கு __கேஷ்லைன்_அலைண்ட்_இன்_எஸ்எம்பி கொடுத்துத் தனி லைனில் உட்கார வைக்கலாம். எண்ணிக்கை மாதிரியான ஒன்று என்றால் பெர்-சிபியு மாறியாக (ஒவ்வொரு கோருக்கும் தனிப் பிரதி) ஆக்கலாம்; மேலே சொன்ன பாக்கெட் எண்ணிக்கைக்கு அதுதான் சரியான தீர்வு.

இவை எதிலும் அடங்காமல், ஓடிக்கொண்டிருக்கும்போது எப்போதாவது மாறக்கூடியதாகவும், வேகப் பாதையில் ஓயாமல் படிக்கப்படுவதாகவும் மிஞ்சுவதற்குத்தான் ரீட்_மோஸ்ட்லி.

இந்த வகைகளை ஒரே இடத்தில் பார்க்க விரும்பினால் எஃப்எஸ் அடைவில் உள்ள டிகேஷ்.சி கோப்பைத் திறங்கள். கோப்புப் பாதைகளைத் தேடும் வேலை எல்லாம் இதன் வழியாகத்தான் போகிறது. அதில் விஎஃப்எஸ் கேஷ் பிரஷர் என்ற சிசிடிஎல் மதிப்பு, தொடக்க மதிப்பு 100, ரீட்_மோஸ்ட்லியாக இருக்கிறது. நிர்வாகி எந்த நேரமும் மாற்றலாம் என்பதால் அதை எழுத முடியாததாக ஆக்க இயலாது. டென்ட்ரிகளுக்கான (கோப்புப் பெயர்களைக் குறிக்கும் பொருள்கள்) ஸ்லாப் கேஷின் (ஒரே வகைப் பொருள்களை ஒதுக்கித் தரும் தொகுப்பு) பாயின்டர் தொடக்கத்தில் ஒரு முறைதான் எழுதப்படுகிறது. சமீப ஆண்டுப் பதிப்புகளில் அது ஆர்ஓ_ஆஃப்டர்_இனிட். ரீநேம்_லாக் என்ற சீக்லாக் (வரிசை எண் வைத்து இயங்கும் ஒரு வகை லாக்) எழுதவும்படும், படிக்கவும்படும். அதற்குத் தனி கேஷ் லைன். எந்தப் பாடக்குறிப்பையும் விட இந்த ஒரு கோப்பு அதிகம் சொல்லித்தரும்.

குறியைப் போடும் முறை

லினக்ஸ்/கேஷ்.ஹெச் தலைப்புக் கோப்பைச் சேருங்கள். பிறகு மாறியின் பெயருக்கும் சமக்குறிக்கும் நடுவில் குறியை எழுதுங்கள்:

ஸ்டாட்டிக் இன்ட் பாக்கெட்_வரம்பு __ரீட்_மோஸ்ட்லி = 1500;

தலைப்புக் கோப்பைச் சேர்க்க மறப்பதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மேலே உள்ள வரியில் மறந்தால் கம்பைலர் உடனே பிழை காட்டிவிடும், தப்பித்தோம். ஆனால் ஒரு ஸ்ட்ரக்ட் வரையறையின் மூடும் அடைப்புக்குப் பின்னால் இப்படியொரு குறியை எழுதித் தலைப்புக் கோப்பை மறந்தால், கம்பைலர் அந்தக் குறியையே ஒரு மாறியின் பெயராக எடுத்துக்கொள்ளும். ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் அந்தப் பெயரில் ஒரு குளோபல் மாறி பிறந்துவிடும்.

குறி மாறியின் வரையறையில் இருந்தால் போதும். லோக்கல் மாறிகளுக்குப் போட முடியாது, அவை ஸ்டாக்கில் இருப்பவை. ஸ்ட்ரக்டின் உள்ளே இருக்கும் தனி உறுப்புக்கும் போட முடியாது. கான்ஸ்ட் மாறிக்குப் போடாதீர்கள். அதே கோப்பில் கான்ஸ்ட் இல்லாத மாறியும் அதே செக்‌ஷனில் இருந்தால், செக்‌ஷன் வகை முரண் என்று கம்பைல் நின்றுவிடும்.

பாயின்டருக்குக் குறி போட்டால் அது பாயின்டருக்கு மட்டும்தான் என்பதையும் மறக்க வேண்டாம். பாயின்டர் சுட்டும் பொருள் வேறெங்கோ இருக்கிறது. அந்தப் பொருளுக்குள் ஒரு கவுன்ட்டர் ஓயாமல் கூடிக்கொண்டிருந்தால் பாயின்டரை எங்கே நகர்த்தியும் பயன் இல்லை.

சரியான இடத்துக்குப் போனதா என்று பாருங்கள்

முழு கர்னலையும் கட்ட வேண்டாம். மேக் கட்டளையோடு அந்த ஒரு ஆப்ஜெக்ட் கோப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் அது மட்டும் கம்பைல் ஆகும். பிறகு அந்தக் கோப்பின் மீது ஆப்ஜ்டம்ப் -டி (ஆங்கிலச் சிறிய t) ஓட்டினால், ஒவ்வொரு சிம்பலும் எந்தச் செக்‌ஷனில் இருக்கிறது என்று வரும். உங்கள் மாறியின் வரியில் .டேட்டா..ரீட்_மோஸ்ட்லி இருக்க வேண்டும்.

முழு விஎம்லினக்ஸ் கோப்பில் அதே பெயரைத் தேடிக் கிடைக்கவில்லை என்று பதறாதீர்கள். இறுதி இணைப்பில் அது பெரிய டேட்டா செக்‌ஷனுக்குள் கரைந்துவிடும், தனிப் பெயர் மிஞ்சாது. அங்கே பார்க்க வேண்டியது முகவரி. என்எம் -என் ஓட்டினாலோ சிஸ்டம்.மேப் கோப்பைத் திறந்தாலோ சிம்பல்கள் முகவரி வரிசையில் இருக்கும். உங்கள் மாறியின் முன்னும் பின்னும் யார் என்று படியுங்கள். முகவரியின் கடைசி ஆறு பிட்களை நீக்கிப் பார்த்து ஒரே எண் வருபவை எல்லாம் ஒரே 64 பைட் லைனில் இருப்பவை. குறி போடுவதற்கு முன்னாலும் இதே பட்டியலைப் பாருங்கள். பழைய இடத்தில் பக்கத்து மாறி அடிக்கடி எழுதப்படும் ஒன்றாக இருந்ததா? இல்லை என்றால் உங்கள் வாதம் பாதி பலவீனமாகிவிட்டது.

அளந்து பாருங்கள்

இதற்கென்றே செய்த கருவி பெர்ஃப் சி2சி. வேலைப் பளு ஓடும்போது பெர்ஃப் சி2சி ரெக்கார்ட், பிறகு பெர்ஃப் சி2சி ரிப்போர்ட். அறிக்கையில் ஹிட்எம் என்ற எண்தான் முக்கியம்: ஒரு கோர் படிக்க வந்தபோது, அந்த லைன் வேறொரு கோரின் கேஷில் திருத்தப்பட்ட நிலையில் இருந்தது எத்தனை முறை என்பதை அது காட்டுகிறது. அதிக ஹிட்எம் உள்ள லைன்கள் மேலே வரும். ஒவ்வொரு லைனுக்குள்ளும் எந்த ஆஃப்செட்டை எந்த ஃபங்ஷன் படித்தது, எது எழுதியது என்று தனித்தனியாகப் பிரித்துக் காட்டும். ஓர் ஆஃப்செட்டில் எழுத்து, வேறோர் ஆஃப்செட்டில் படிப்பு என்று வந்தால் ஃபால்ஸ் ஷேரிங் கையும் களவுமாகப் பிடிபட்டது. எழுத்தும் படிப்பும் ஒரே ஆஃப்செட் என்றால் அது உண்மையான பகிர்வு. செக்‌ஷன் மாற்றி அதைச் சரிசெய்ய முடியாது, வடிவமைப்பைத்தான் மாற்ற வேண்டும்.

இதற்குப் பல கோர் உள்ள நிஜ இயந்திரம் வேண்டும், இரண்டு சாக்கெட் இருந்தால் இன்னும் நல்லது. மெய்நிகர் இயந்திரங்களில் தேவையான வன்பொருள் கவுன்ட்டர்கள் பெரும்பாலும் கிடைப்பதில்லை.

வேக ஒப்பீட்டில் ஒரு பொறி உண்டு. ஒரு மாறியை நகர்த்தினால் அதற்குப் பின்னால் இருந்தவை எல்லாம் சில பைட்கள் முன்னேறும். வேகம் கூடியது உங்கள் மாறியாலா, அல்லது இடம்பெயர்ந்த வேறேதோ ஒன்றாலா என்பது மொத்த நேரத்தை வைத்துத் தெரியாது. அதனால் நேரத்தோடு சி2சி அறிக்கையையும் முன், பின் என்று இரண்டு முறை எடுத்து, அந்தக் குறிப்பிட்ட லைன் பட்டியலிலிருந்து இறங்கியதா என்று பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் ஏன் போடக் கூடாது

"போட்டால் கெடுதல் இல்லையே" என்பது அடிக்கடி கேட்கும் கேள்வி. கெடுதல் இருக்கிறது, இரண்டு பக்கமும்.

ரீட்_மோஸ்ட்லி பகுதியின் மதிப்பே அதன் நெருக்கத்தில்தான். வேகப் பாதைக்கு வேண்டிய நான்கைந்து மாறிகள் ஒரே லைனில் கிடைத்தால், ஒரே வரவழைப்பில் வேலை முடியும். ஆண்டுக்கொரு முறை படிக்கப்படும் மாறிகளையும் நாலாயிரம் பைட் அட்டவணைகளையும் அதே பகுதியில் கொட்டினால், உண்மையில் சூடான மாறிகள் ஒன்றுக்கொன்று தள்ளிப்போய்விடும். கேஷ்.ஹெச் கோப்பில் மேக்ரோவுக்கு மேலேயே உள்ள குறிப்பு இதைத்தான் வலியுறுத்துகிறது: வேகப் பாதையில் அடிக்கடி பயன்படுவதற்கு மட்டும் ஒதுக்குங்கள், நெருக்கமாக வையுங்கள், நல்ல காரணத்தைக் கமிட் செய்தியில் எழுதுங்கள்.

மறுபக்கம், நீங்கள் விட்டுவிட்டு வந்த இடம். அமைதியான மாறிகள் எல்லாம் வெளியேறிவிட்டால் பழைய டேட்டா செக்‌ஷனில் ஓயாமல் எழுதப்படுபவை மட்டும் மிஞ்சி, அவை நெருங்கி உட்காரும். முன்பு நடுவில் ஓர் அமைதியான மாறி இருந்ததால் பிரிந்திருந்த இரண்டு கவுன்ட்டர்கள் இப்போது ஒரே லைனில் மோதிக்கொள்ளலாம்.

இன்னொரு சிறிய செலவு: தொடக்க மதிப்பு பூஜ்யமாக உள்ள மாறிகள் வழக்கமாக பிஎஸ்எஸ் பகுதிக்குப் போகும், கர்னல் கோப்பில் இடம் பிடிக்காது. குறி போட்டதும் அவை டேட்டாவாகிக் கோப்பின் அளவைக் கூட்டும். ஓர் எண்ணுக்கு இது பொருட்டே இல்லை. பெரிய அட்டவணைக்கு யோசிக்க வேண்டும்.

ஸ்ட்ரக்டுக்குள் இதே பிரச்சினை

குளோபல் மாறிகளைவிட ஸ்ட்ரக்டுக்குள்தான் இன்று அதிக வேலை நடக்கிறது. அங்கே செக்‌ஷன் உதவாது. உறுப்புகளின் வரிசையைத்தான் மாற்ற வேண்டும். படிக்க மட்டும் பயன்படுபவற்றை ஒரு கூட்டமாகவும், எழுதப்படுபவற்றை வேறொரு லைனில் இன்னொரு கூட்டமாகவும் வையுங்கள். பாஹோல் கருவி ஒவ்வொரு உறுப்பும் எந்த லைனில் விழுகிறது, எங்கே ஓட்டை (வீணாகும் பைட்கள்) இருக்கிறது என்று காட்டும். 2024-இல் வந்த 6.8 பதிப்பில் நெட்வொர்க் பகுதியின் முக்கிய ஸ்ட்ரக்டுகள் இப்படி மறுவரிசைப்படுத்தப்பட்டன. பின்னால் வருபவர் வரிசையைக் கலைத்துவிடாமல் இருக்கக் கூட்டங்களின் எல்லையைக் குறிக்கும் மேக்ரோக்களும் சேர்ந்தன. அடுத்த 6.9 பதிப்பில் நெட்_ஹாட்டேட்டா என்ற ஸ்ட்ரக்ட் வந்தது. நெட்வொர்க் நிரலில் அங்கங்கே சிதறிக் கிடந்த, அதிகம் படிக்கப்படும் குளோபல்களை அது ஓரிடத்தில் சேர்க்கிறது. ரீட்_மோஸ்ட்லி செக்‌ஷனில் யார் பக்கத்தில் யார் என்பது லிங்கரின் கையில். ஸ்ட்ரக்டில் அது உங்கள் கையில். ஒரே துணை அமைப்பைச் சேர்ந்த பல மாறிகள் இருந்தால் நான் இந்த வழியையே பரிந்துரைப்பேன்.

ஃப்ரீபிஎஸ்டியிலும் நெட்பிஎஸ்டியிலும் இதே பெயரில் இதே கருத்து உண்டு. ஃப்ரீபிஎஸ்டி கூடுதலாக __ரீட்_ஃப்ரீக்வென்ட்லி என்றொரு குறியையும், ஒரு மாறிக்கு ஒரு லைன் முழுவதையும் தரும் இன்னொரு குறியையும் வைத்திருக்கிறது. அரிதாக மாறுவதையும் அடிக்கடி படிக்கப்படுவதையும் தனித்தனியாகப் பிரித்தது நல்ல முடிவு என்றே எனக்குப் படுகிறது.

பேட்ச் அனுப்பும்போது

கமிட் செய்தியில் நான்கு விஷயங்கள் இருக்கட்டும். மாறியை எந்த ஃபங்ஷன், எவ்வளவு அடிக்கடி படிக்கிறது; யார், எப்போது எழுதுகிறார்கள்; குறி இல்லாதபோது அதே லைனில் இருந்து தொல்லை கொடுத்த மாறி எது; எந்த இயந்திரத்தில், எந்தப் பளுவில் அளந்தீர்கள், சி2சி என்ன காட்டியது. ஆர்ஓ_ஆஃப்டர்_இனிட் ஏன் பொருந்தாது என்பதையும் ஒரு வரியில் சேர்த்துவிடுங்கள், பராமரிப்பாளர் கேட்கும் முதல் கேள்வி அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். ஒரு பேட்சில் ஒரு மாறி, அல்லது ஒரே பாதையில் சேர்ந்து படிக்கப்படும் மாறிகள் மட்டும். தேடி மாற்றும் ஸ்கிரிப்டை ஓட்டி நாற்பது கோப்புகளில் குறி போட்ட பேட்சை யாரும் ஏற்க மாட்டார்கள்.